தண்ணீர் சிந்தாத வண்டி

என் மகள் சுகுணாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்தில் போனது. அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் போனது. எங்கள் ஊர்த் திருவிழாவுக்காக நான் அவளைப் புகுந்த வீடான அஞ்செட்டியிலிருந்து உத்தனப்பள்ளிக்கு என் பழைய வண்டியில் அழைத்து வந்து அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது. பயணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஓசூர் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில், இரண்டு ஊர்க்காரர்கள் இருபது பேர் கேட்க, என் சம்பந்தி நல்லுசாமி ஒன்று சொன்னார்.

"அஞ்செட்டியில இருந்து உத்தனப்பள்ளி வரைக்கும் மூட்டையாட்டம் உருட்டிக்கினு போனா வேற என்னா ஆவும்?"

டாக்டரம்மா சொன்னதை யாரும் ஊருக்கு எடுத்துப் போகவில்லை. நல்லுசாமி சொன்னதை எல்லாரும் எடுத்துப் போனார்கள். நாராயணப்பன் வண்டியில் ஏறினால் பிள்ளை தங்காது என்று பால் சொசைட்டி வரிசையில் ஒருவன் சொல்லி, நான் வருவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

பழைய வண்டியை விற்றேன். கிருஷ்ணகிரிக்குப் போய் ஏழு பேர் உட்காரும் உயரமான புது வண்டி எடுத்தேன். தெருவில் வந்து நின்றபோது அக்கம்பக்கத்தார் இறங்கி வந்து பார்க்கும்படி இருந்தது. ஆனால் முதல் நாள் கெலமங்கலம் சாலையில் போனபோதே அதன் குணம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் துள்ளியது. என் மனைவி சரோஜம்மாளின் தலை கண்ணாடியில் இடித்தது.

"வெளிய பார்த்தா கலெக்டர் வண்டி, உள்ள உட்கார்ந்தா கட்டை வண்டிப்பா" என்றான் என் மகன் ஹரீஷ்குமார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன். அவனுக்கு எதுவும் வேடிக்கை.

எனக்கு வேடிக்கையாக இல்லை. சுகுணாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்து அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "இங்கேயே பெத்துக்கட்டும், எதுக்கு வம்பு" என்று நல்லுசாமி சொல்லி அனுப்பியிருந்தார். முதல் பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வர வக்கில்லாத வீடு என்ற பெயர் எங்கள் பரம்பரையில் யாருக்கும் கிடையாது. வருகிறேன், அழைத்துப் போவேன், ஒரு குலுக்கல் இல்லாமல் அழைத்துப் போவேன் என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

மத்திகிரியில் கால்நடைப் பண்ணைக்குப் பின்னால் முனிவேல் என்பவருக்குப் பட்டறை இருந்தது. பெங்களூரிலிருந்து காட்டு வழிகளில் வண்டி ஓட்டப் போகிறவர்கள்கூட அவரிடம்தான் அடிவேலை பார்ப்பார்கள் என்று ஹரீஷ் சொன்னான். நாற்பது வயது, குறைந்த பேச்சு. வண்டிக்கு அடியில் படுத்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"வண்டியில குறை ஒண்ணும் இல்ல பெரியவரே. ஏழு பேரும் சாமானும் ஏத்துறதுக்கு ஏத்தாப்புல பின்னால கெட்டியா வில்லுப் பட்டை போட்டு வெச்சிருக்கான். நீங்க ரெண்டு பேர் உட்கார்ந்தா தூக்கித்தான் போடும். டயர்ல காத்தும் அதிகம்."

"என் பொண்ணு உட்கார்ந்து வரணும். ஏழாம் மாசம்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "செய்யலாம்" என்றார்.

வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். பித்தளைச் செம்பில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, நடு சீட்டில், சுகுணா உட்காரப் போகும் இடத்தில், துண்டைச் சுருட்டி அதன் நடுவே வைப்பேன். உத்தனப்பள்ளியிலிருந்து கெலமங்கலம் போய்த் திரும்புவோம். வந்ததும் எவ்வளவு தண்ணீர் மீதி என்று பார்ப்பேன். முதல் தடவை பாதிச் செம்பு காலி.

முனிவேல் டயர்க் காற்றைச் சரியான அளவுக்கு இறக்கினார். கால்வாசிதான் சிந்தியது. ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றி, இறுகலான ரப்பர் புஷ்களை எடுத்துவிட்டு மெத்தென்றவற்றைப் போட்டார். இன்னும் குறைந்தது. பின்பக்கப் பட்டைக் கட்டில் ஒரு பட்டையைக் கழற்றி, மற்றவற்றைச் சுத்தம் செய்து இடையே மெத்தைத் துண்டு வைத்தார். அதற்குப் பிறகு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டி மூச்சு விடுவது போல மெல்ல எழுந்து அமர்ந்தது. ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் இன்னும் வெடுக்கென்று ஓர் உதறல் இருந்தது. இரண்டு மூன்று துளி சிந்தியது.

"அதையும் எடுத்துடு" என்றேன்.

முனிவேல் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அது எங்க இருந்து வருதுன்னு சொல்றன், கேளுங்க. ரெண்டு பக்கச் சக்கரத்தையும் பிடிச்சிக்கினு அடியில குறுக்கால ஒரு கம்பி போவுது. ஸ்டெபிலைசர் பார். வளைவுல வண்டி ஒரு பக்கமா சாய உடாம அதுதான் இழுத்துப் பிடிக்குது. அதனாலதான் ஒரு சக்கரத்துல விழுந்த அடி இன்னொண்ணுக்கும் போவுது. அதைக் கழட்டுனா உதறல் போயிடும். வண்டி நிக்கிற நிதானமும் போயிடும்."

"ரெண்டு துளி தண்ணி சிந்துது."

"சிந்தட்டும் பெரியவரே. மெத்துனு போறதும், வளைவுல நிக்கிறதும் ஒரே கையில இருக்குது. இதுக்கு மேல மெத்துனு வேணும்னா வளைவுல நிக்கிறதுல இருந்துதான் எடுக்கணும். நீங்க போறது மலை ரோடு."

"உன்னால முடியலன்னா வேற பட்டறை பார்த்துக்கறன்."

 வேறு பட்டறைக்காரன் கேட்டவுடன் கழற்றிவிடுவான், ஒரு வார்த்தை எச்சரிக்கை சொல்ல மாட்டான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கடைசியில் ஹரீஷைப் பக்கத்தில் அழைத்து நிறுத்திக்கொண்டு சொன்னார்:

"ஒரு நாளுக்குக் கழட்டித் தரேன். பொண்ணைக் கூட்டிக்கினு வந்த மறுநாளே இங்க வந்து மாட்டிக்கணும். வளைவுல முப்பதுக்கு மேல போவக்கூடாது. முக்கியமா ஒண்ணு, மேல கேரியர்ல ஒரு துணி மூட்டைகூட ஏத்தாதீங்க. பட்டையும் குறைச்சிருக்கோம், கம்பியும் இல்ல. தலைப்பாரம் ஏறுச்சின்னா வண்டி சாஞ்சது சாஞ்சபடி போயிடும்."

"ஏத்த மாட்டோம்" என்றேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் கம்பியைக் கழற்றினார். அன்று செம்பு வைத்துப் போனபோது வேகத்தடையிலும் குழியிலும் ஒரு துளி சிந்தவில்லை. ஹரீஷுக்கே ஆச்சரியம். "சூப்பர்ப்பா, தொட்டில்" என்றான். திரும்பி வரும்போது ஏரிக்கரை வளைவில் எதிரே பால் வண்டி வரவே சற்று வெட்டித் திருப்பினான். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். செம்பு விழவில்லை. தண்ணீர் முழுவதும் ஒரே பக்கமாக, யாரோ சரித்து ஊற்றியது போல, விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

ஹரீஷ் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் துண்டால் சீட்டைத் துடைத்தேன். வீட்டில் இறங்கியதும் சரோஜம்மாள் கேட்டாள். ஒரு துளி சிந்தவில்லை என்றேன்.

வளைகாப்பன்று காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். சீர்த்தட்டுகளையும் பாத்திரங்களையும் பின்னால் வர ஒரு சின்ன யானைச் சரக்கு வண்டியில் ஏற்றினோம். கேரியர் காலி. முனிவேலுக்குக் கொடுத்த வார்த்தையை நான் காப்பாற்றினேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டுக்குள் சாலை இறங்கத் தொடங்கியது. வளைவுகளில் வண்டி வெளிப்பக்கமாகச் சாய்ந்து, நேராவதற்கு ஒரு கணம் யோசித்து, பிறகுதான் நிமிர்ந்தது. இரண்டாவது வளைவில் ஹரீஷ் என்னைப் பார்த்தான். நான் மூங்கில் புதர்களைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவன் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

அஞ்செட்டிக்கு அப்பால் நல்லுசாமி வீடு. கடைசி மூன்று கிலோமீட்டர் மண் பாதை. அந்தப் பாதையில் எங்கள் வண்டி மிதந்துகொண்டு போய் நின்றது. வாசலில் இருந்த உறவுக்காரர்கள் பார்த்தார்கள். நல்லுசாமி வந்து வண்டியின் முன்பக்கத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி அமுக்கினார். அது கீழே போய் நிதானமாக மேலே வந்தது.

"என்னா சம்பந்தி, சோபா செட்டுக்குச் சக்கரம் மாட்டிக்கினு வந்துட்டீங்களா? ஏதாவது வேலை பார்த்தீங்களா அடியில?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக நான் ஒன்றரை மாதம் பட்டறையில் காத்துக் கிடந்தேன் என்று அந்த வாசலில் எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் பார்க்கல. கம்பெனியில இருந்து வந்தபடி இருக்குது. நல்ல வண்டின்னா இப்படித்தான்" என்றேன்.

ஹரீஷ் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. சுகுணாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். முகம் வெளுத்திருந்தது. மருமகன் ஜெகதீஷுக்கு ஓசூர்த் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட். பந்தி முடிந்ததும் பைக்கில் கிளம்பிவிட்டான். மத்திகிரியில் அவனுக்கு ஒரு வாடகை வீடு இருந்தது. சின்ன யானைக்காரனும் தக்காளி லோடு இருக்கிறதென்று அப்போதே போய்விட்டான்.

நான்கு மணிக்குக் கிளம்பலாம் என்று வெளியே வந்தபோது நல்லுசாமி எங்கள் வண்டியின் மேல் நின்றுகொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். கேரியரில் மூன்று ராகி மூட்டை, ஒரு புளி மூட்டை, நான்கு பலாப்பழம்.

"எதுக்குங்க சம்பந்தி இதெல்லாம்?" என்றேன்.

"முறைதானுங்களே. மாசமா இருக்கறவள வெறுங்கையோட அனுப்புவாங்களா?"

"உள்ள வெச்சிக்கலாம், பின்னால எடம் இருக்குது."

அவர் கயிற்றை விட்டு நிமிர்ந்தார். "தானியத்தைக் காலடியில வெச்சிக்கினு போவாங்களா? எங்க வழக்கத்துல தலைக்கு மேலதான் போவணும். உங்க பக்கம் எப்படியோ."

கூட்டம் என்னைப் பார்த்தது. "அப்பா" என்று ஹரீஷ் என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னான். அவன் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். இறக்கச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் காலையில் இதே வாசலில் நான் சொன்னது பொய்யாகிவிடும்.

"கட்டட்டும் விடு" என்றேன். "காடு தாண்டினதும் இறக்கிக்கலாம்."

ஆனால் அதற்கும் வழி இல்லாமல் போனது. மருமகளைக் காட்டு எல்லை வரை வந்து அனுப்புவதும் அவர்கள் வழக்கம். நல்லுசாமி தன் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். வனத்துறைச் சோதனைச் சாவடியில் நின்றோம். காவலர் மேலே பார்த்தார். "பலாப்பழமா? வாசனை தூக்குது. ரெண்டு நாளா யானைக் கூட்டம் இந்தப் பக்கந்தான் நிக்குது. வழியில எங்கயும் நிறுத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். நல்லுசாமி இங்கேயே திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். ஜீப் எங்கள் பின்னாலேயே சாவடியைத் தாண்டி வந்தது.

ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவில் வண்டி சாய்ந்தது. காலையில் சாய்ந்தது போல அல்ல. சாய்ந்த பிறகும் மேலே எதுவோ இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

"அப்பா, வண்டி ஒரு பக்கமா சாயுது" என்றாள் சுகுணா.

"ரோடு சாய்வும்மா" என்றேன்.

சரோஜம்மாள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வளையல்கள் சத்தமிட்டன. அடுத்த வளைவில் கூரையில் ஒரு பலாப்பழம் உருண்டு தகரத்தில் இடித்தது. ஹரீஷ் இருபதில் போய்க்கொண்டிருந்தான். அவன் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். கண்ணாடியில் பின்னால் ஜீப் தெரிந்தது. நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நினைத்தேன். அடுத்த வளைவுக்குள் அவர் திரும்பிவிடுவார் என்று ஒவ்வொரு முறையும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கொண்டை ஊசி வளைவொன்றில் பாதி ஏறியபோது மேலிருந்து கல் ஏற்றிய லாரி ஒன்று சாலையின் நடுவே இறங்கி வந்தது. ஹரீஷ் இடப்பக்கம் வெட்டினான். அங்கே பள்ளம். உடனே வலப்பக்கம் திருப்பினான். வண்டி ஒரு முறை ஆடியது. இரண்டாவது ஆட்டம் முதலாவதைவிடப் பெரிதாக வந்தது. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் சாலையை விட்டதை என் இடுப்பு உணர்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. சரோஜம்மாள்கூடக் கத்தவில்லை. சன்னலுக்கு வெளியே சாலை இருந்த இடத்தில் பள்ளத்து மரங்களின் உச்சி தெரிந்தது.

பிறகு சக்கரங்கள் தரைக்கு வந்தன. வண்டி நின்றது. லாரி போய்விட்டது.

நான் இறங்கினேன். ஜீப் பின்னால் வந்து நின்றது. "என்னா சம்பந்தி? பையன் தூங்கிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே நல்லுசாமி வந்தார்.

இல்லை, பையன் பயந்துவிட்டான், மலை ரோடு பழக்கமில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஹரீஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லியிருந்தால் அவன் ஏற்றுக்கொண்டிருப்பான். அதற்குள் பின்கதவு திறந்தது. சுகுணா இரண்டு கைகளாலும் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள்.

"ரோடு சாய்வாப்பா?" என்றாள்.

நான் சொன்னேன். கம்பியைக் கழற்றச் சொன்னது, பட்டறைக்காரர் வேண்டாம் என்றது, மேலே எதுவும் ஏற்றக்கூடாது என்றது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். மகளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சம்பந்தியைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் முகம் இறுகியது. "என் வாசல்ல நின்னுக்கினு பொய் சொன்னீங்க."

"சொன்னேன்."

"என் கையாலேயே பாரத்தை ஏத்த வெச்சீங்க. ஏதாவது ஆயிருந்தா நல்லுசாமி கட்டின மூட்டையாலதான்னு ஊர் பேசியிருக்கும்." அவர் வண்டி மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சாலை ஓரத்தில் விழுந்தன. ஒரு பலாப்பழம் பிளந்தது. வாசனை சட்டென்று அந்த இடத்தை நிறைத்தது. "சுகுணா, ஜீப்புல ஏறும்மா. வீட்டுக்குப் போலாம்."

"வளையல் போட்டு வாசல் தாண்டின பொண்ணு திரும்ப அந்த வாசல் ஏறக்கூடாது" என்றேன். "பாரம் இறங்கிடுச்சி. இனிமே என் வண்டி நிக்கும்."

"நிக்கும்னு யாரு சொன்னா? நீங்களா?"

"உங்க ஜீப்புல நான் ஏறினாலே இடுப்பு கழண்டுடும். அதுல ஏழாம் மாசக்காரியா?"

"என் வண்டி குலுக்கும். உங்களுது கவுக்கும். எது தேவலைன்னு அவளையே கேளுங்க!"

"என் பொண்ணு."

"என் வீட்டு வாரிசு."

"நாங்க ரெண்டு பேரும் இங்கதான் நிக்கறோம்" என்றாள், இறங்கி வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்ற சரோஜம்மாள். நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. அந்த ரெண்டு பேர் மகளும் அவளும் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமானது.

கீழே வளைவில் ஹாரன் கேட்டது. அஞ்செட்டியிலிருந்து வரும் சாயங்காலப் பேருந்து. அதை விட்டால் மறுநாள் காலைதான். சுகுணா நடுச் சாலைக்கு நடந்து போய்க் கையைத் தூக்கினாள். வளையல்கள் முழங்கைக்குச் சரிந்தன. பேருந்து முனகிக்கொண்டு நின்றது.

"நடுக் காட்டுல கை காட்டறீங்களே, யானை நிக்குதும்மா" என்றார் நடத்துனர். அவளுடைய வயிற்றைப் பார்த்ததும் கதவைத் திறந்தார். "முன்னால வாங்க. ஏம்பா, அந்த சீட்டை உடு."

"எங்கம்மா போற?" என்றேன்.

"மத்திகிரிக்கு. அவர் இருக்கற வீட்டுக்கு."

"பிரசவம்?"

"அங்கதான்." அவள் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துத் திரும்பினாள். "யாரும் என்னைக் கூட்டிக்கினு போவ வர வேணாம்ப்பா. மாமா, நீங்களும்தான்."

சரோஜம்மாள் அவள் பின்னால் ஏறினாள். "எத்தனை பேரு?" என்று நடத்துனர் கேட்டது காதில் விழுந்தது.

"ரெண்டு" என்றாள் சுகுணா.

பேருந்து மெதுவாக, ஒரே நிதானத்தில், வளைவில் ஏறி மறைந்தது. சத்தம் தேய்ந்தது. வெளிச்சம் மரங்களின் மேல்பாதியில் மட்டும் இருந்தது.

"மூட்டையை எடுத்து உங்க ஜீப்புல போட்டுக்கங்க" என்றேன்.

"கொடுத்த சீரைத் திருப்பி எடுத்துக்கினு போற வழக்கம் எங்க வீட்டுல இல்ல."

"பொண்ணே வராதப்ப சீர் எனக்கு எதுக்கு?"

 ராகி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். பிளந்த பழத்தின் மேல் ஈக்கள் வந்துவிட்டன. பள்ளத்துப் பக்கத்தில் மூங்கில் ஒன்று முறிந்தது. காற்று இல்லை. சற்று நேரம் எதுவுமில்லை. பிறகு இன்னொன்று, முதலாவதைவிட அருகில்.

"அப்பா, ஏறுங்க" என்றான் ஹரீஷ். குரல் தணிந்திருந்தது. இன்ஜினை ஓட விட்டிருந்தான். "மாமா, நீங்களும் ஜீப்பை எடுங்க. சீக்கிரம்."

நல்லுசாமி மூங்கிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அசையவில்லை. முதலில் அவர் திரும்பட்டும் என்று நானும் நின்றேன்.